மெத்தைக் கம்பெனியின் கோப்பை

குக்கர் கம்பெனி ஸ்பான்சர் செய்த ஆண்டில், கோல் விழும்போதெல்லாம் நடுவரின் விசில் தானாக மூன்று முறை ஒலித்தது. மின்விசிறிக் கம்பெனியின் ஆண்டில் மைதானத்துக்குள் மட்டும் காற்றடித்தது. வெளியே உப்பல் சாலையில் ஒரு காகிதம்கூட அசையவில்லை. தெற்காசியக் கால்பந்துக் கோப்பை யார் பெயரில் நடக்கிறதோ, அவர் விற்கும் பொருளின் குணம் ஒன்பது நாளும் மைதானத்தில் இறங்கிவிடும். ஹைதராபாத்தில் இது எல்லோருக்கும் தெரியும்.

2006இல் மாதாப்பூர் மென்பொருள் கம்பெனி ஒன்று கோப்பையைக் கேட்டது. குழுவும் சம்மதிக்க இருந்தது. அப்போது செயலாளர் ஆண்டனி, உப்பலில் மெத்தை தைக்கும் நூர் முகமதுவை அழைத்து வந்தார். பரிசுத்தொகை தர நூர் முகமதுவால் முடியாது. அணிகளுக்குப் படுக்க மெத்தை தருவார்.

"மெத்தைக் கம்பெனி பேர்ல இன்டர்நேஷனல் டோர்னமென்ட்டா? ஆடமாட்டாங்க, குறட்டை விடுவாங்க," என்றார் தலைவர் வைத்தியநாதன்.

"ஹவ் சார், ஆமா, விடுவாங்க. நம்ம மெத்தை அப்படி," என்றார் நூர் முகமது.

யாரும் சிரித்து முடிப்பதற்குள் ஆண்டனி சொன்னார்: "என் வீட்டுக்காரி தூங்கி ஏழு வருஷம் ஆச்சு சார். பேகம்பேட்ல பார்க்காத டாக்டர் இல்ல."

செயலாளராக இருந்த பன்னிரண்டு ஆண்டுகளில் ஆண்டனி தனக்கென்று எதுவும் கேட்டதில்லை. வைத்தியநாதன் பேனாவைத் திறந்தார்.

பரிசுத்தொகை இல்லை என்று தெரிந்தும் எல்லா அணிகளும் வந்தன. ஆட்டக்காரர்கள் கொட்டாவி விட்டபடி ஆடினார்கள். பார்வையாளர்கள் வரிசை வரிசையாகத் தூங்கினார்கள். ஆண்டனியின் மனைவி ரோஸ்லின் எட்டு நாளும் கேலரியில் கண் விழித்தே உட்கார்ந்திருந்தாள்.

இறுதி ஆட்டம் கொழும்புக்கும் காத்மாண்டுக்கும். அறுபதாவது நிமிடத்தில் ரோஸ்லினின் தலை பக்கத்திலிருந்த பத்மஜாவின் தோளில் சாய்ந்தது. பத்மஜா அவளை முன்பின் பார்த்ததில்லை; தூங்காத பெண் ஒருத்தி வருகிறாள் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தாள். உதட்டில் விரல் வைத்தாள். செய்தி வரிசை வரிசையாகப் போய் மைதானத்துக்குள் இறங்கியது. கோல் போட்ட காத்மாண்டுக்காரன் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினான். நடுவர் கைக்குட்டையை அசைத்து ஆட்டத்தை முடித்தார். நான்காயிரம் பேர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள்.

ரோஸ்லின் மறுநாள் காலை பத்து மணிக்கு எழுந்தாள்.

"யாரு ஜெயிச்சா?"

"காத்மாண்டு," என்றாள் பத்மஜா, தோளை நீவிக்கொண்டே. "நல்ல கோல்மா."