கேப்டன் மிதித்த படிகள்

இன்றைக்கும் ஒரு சுற்றுலாக் கும்பல் என் வாசற்படியில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தது. சனிக்கிழமை காலையில் இந்தத் தெருவில் எல்லோரும் பளிங்குப் படியை நுரைக்கல்லால் தேய்த்துக் கழுவுவோம். என் மாமியார் செய்தார், நான் செய்கிறேன். இவர்களுக்காக நிறுத்த முடியுமா? வாளித் தண்ணீரை மேல்படியிலிருந்து சாய்த்தேன். பதறி எழுந்தார்கள். ஒருவன் முறைத்தான். முறைக்கட்டும்.

எல்லாம் அந்தப் பலகையால் வந்த வினை. வாசலில் கம்பம் நட்டு, நீலப் பலகையில் தங்க எழுத்து. அமெரிக்க விடுதலைப் போரின்போது கேப்டன் தோர்ன், அன்றைய நாற்பத்தேழாம் எண் கொண்ட இந்த வீட்டில் ஓர் இரவு தங்கினாராம். ஓர் இரவு! என் கணவர் கார்மைன் பிறந்ததே இந்த வீட்டில்தான். குளிர்காலத்தில் பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் உட்கார்ந்தவர் இன்னும் தெருவில் இறங்கவில்லை. நாள் முழுக்க ஜன்னலோரம்தான். படிமேல் ஒரு சாய்தளம் போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டால், பேட்டையின் பாரம்பரியக் குழு முடியாது என்கிறது. கேப்டன் மிதித்த படியை மறைக்கக் கூடாதாம். பின்பக்கமாவது வழி உண்டா என்றால் அடுத்த தெருக்காரன் சுவர்தான் இருக்கிறது.

எதிர்வீட்டு பெர்னடெட் கையாட்டிக் கூப்பிட்டாள். வீட்டை விற்றுவிட்டு மகளோடு ஃபுளோரிடாவில் இருக்கப் போகிறாள். வாங்குகிறவர் மறுபடி பார்க்க வருவதற்குள் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று வாசல் கதவைக் கழற்றி நடைபாதையில் கிடத்தியிருந்தாள். பச்சை, பழுப்பு, மறுபடி பச்சை என்று அடுக்கடுக்காய்ச் சுரண்டிய இடத்தில், மரத்தில் செதுக்கிய எண் தெரிந்தது. நாற்பத்தேழு.

இந்தத் தெருவின் எண்களை எந்தக் காலத்திலோ மாற்றினார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். இப்போது ஒற்றைப்படை எண்கள் எங்கள் வரிசையில் இருப்பதால் அப்போதும் அப்படித்தான் என்று குழுவிலிருக்கும் மேதைகள் முடிவு கட்டிவிட்டார்கள். பழைய நாற்பத்தேழு எதிர்வீடு; கேப்டன் எங்கள் படியை மிதிக்கவே இல்லை!

"இப்பவே போய்ச் சொல்றேன்," என்று திரும்பினேன்.

பெர்னடெட் என் முழங்கையைப் பிடித்தாள். "ரோசலி, உனக்குப் புண்ணியமாப் போகும், கத்தாத. திங்கக்கிழமை கையெழுத்து. அந்தாளு முன்பக்கத்த இடிச்சுக் கார் நிறுத்த இடம் பண்ணப் போறாரு. பலகை இங்க வந்துச்சுன்னா இடிக்க விடமாட்டாங்க, ஆளு ஓடியே போயிருவாரு. இந்த மாடிப்படி ஏறி ஏறி என் முட்டி போச்சுடி."

"அதுவரைக்கும் கார்மைன் ஜன்னல்லயே காயணுமா?"

பெர்னடெட் தலையைக் குனிந்துகொண்டாள். நான் விடவில்லை. "அப்ப எதுக்கு என்னக் கூப்பிட்டுக் காட்டின?"

"காட்டாம எப்படி இருக்கிறது? நாப்பது வருஷமா எதிர்ல இருக்க." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கதவைத் தட்டிப் பார்த்தாள். "நல்ல ஓக்கு மரம். தூக்கு அந்தப் பக்கம்."

எண் தெரியும் முகத்தைக் கீழே கவிழ்த்து, கதவை என் படிகள்மேல் சாய்த்தோம். அவள் பின்னாலிருந்து நாற்காலியை இழுத்துப் பிடிக்க, நான் முன்னால் நின்று தாங்க, கார்மைன் இறங்கினார். "ரெண்டு கிழவிகளும் சேர்ந்து என்னக் கொல்லப் பாக்குறீங்களா?" என்று வழியெல்லாம் கத்தினார். சக்கரம் நடைபாதையைத் தொட்டதும் தலையை நிமிர்த்தினார். முகத்தில் வெயில் பட்டது.

அப்போது பார்த்து அந்தக் காலத்து முக்கோணத் தொப்பியும் கைமணியுமாகச் சுற்றுலா வழிகாட்டி வெஸ்லி இன்னொரு கும்பலோடு வந்து சேர்ந்தான். "மேடம், படிமேல என்ன அது? குழுவுல பாத்தா பிரச்சனையாயிரும்."

"கதவு. சாயங்காலம் எடுத்துருவோம்," என்றேன்.

பெர்னடெட் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை என்ன, இந்த நிமிடமே கவிழ்த்த கதவைப் புரட்டிக் காட்ட என் கை துறுதுறுத்தது.

கார்மைன் பலகைக்கு நேர் கீழே நாற்காலியை உருட்டிக்கொண்டு போய், நல்ல கையால் கண்ணுக்கு நிழல் பிடித்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். "ஒரே ஒரு ராத்திரி," என்றார்.

கும்பல் செல்போன்களைத் தூக்கியது. "சார், ஒரு படம் எடுக்கணும், கொஞ்சம் தள்ளிக்க முடியுமா?" என்றான் வெஸ்லி.

கார்மைன் குனிந்து, சக்கரத்தின் பிரேக்கைப் போட்டார்.