சாரல் விழுந்தால் சிவப்பு லைட்டு

சாரல் ஆரம்பித்தால் போதும், பிரவீனாவின் மேஜைமேல் இருக்கும் மோடத்தில் பச்சை லைட்டு அணைந்து சிவப்பு லைட்டு கண்ணடிக்க ஆரம்பித்துவிடும். இடி மின்னலோடு வருகிற பெருமழைக்குப் போனாலும் ஒரு நியாயம் உண்டு. பெரியநாயக்கன்பாளையத்துச் சாரல் என்ன பெரிய மழையா? மலைப்பக்கமிருந்து பொசுபொசுவென்று வரும், நிற்கும், வேலைவெட்டி இல்லாததுபோல மறுபடி வரும். அதற்கெல்லாம் ஒரு நெட்டு போகுமா? போனதே!

அவள் பார்க்காத வைத்தியமில்லை. மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டாள். அடாப்டரை மாற்றினாள். சண்டை போட்டு மோடத்தையே மாற்ற வைத்தாள். கம்பத்திலிருக்கும் டப்பாவுக்குள் தண்ணீர் இறங்குகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அவள் புருஷன் மனோஜ்குமார் ஏணி போட்டு ஏறி, பிளாஸ்டிக் கவரைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டு வந்தான். லேத் பட்டறை வைத்திருக்கிறவன், அவன் கட்டினால் யானை இழுத்தாலும் அவிழாது. ஆனாலும் அடுத்த சாரலுக்குச் சிவப்பு லைட்டு வந்து நின்றது.

நெட்டு கம்பெனியிலிருந்து சாய்சரண் வருவான். தங்கமான பையன், பக்கத்துத் தெருவில்தான் அவன் அத்தை வீடு. ஆனால் அவன் கேட்டைத் திறந்து உள்ளே வருகிற நேரம் பார்த்து லைட்டு பச்சையாகிவிடும். "லைன் சூப்பரா இருக்குதுங்க்கா. மழைக்கு அப்படித்தானுங்க" என்று சொல்லிவிட்டுப் போவான். பேய் பிடித்தவளைப் பூசாரியிடம் கூட்டிப்போனால் அங்கே மட்டும் சமத்தாக உட்கார்ந்திருப்பாளே, அந்தக் கதைதான். அவன் வண்டி தெரு முனை திரும்பிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மறுபடி சிவப்பு. பிரவீனாவுக்கு மோடத்தைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிடலாமா என்று வரும்.

ஆத்திரத்துக்குக் காரணம் இருந்தது. ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் பேப்பர்களைச் சரிபார்க்கும் சென்னைக் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்பதால்தான் சேர்ந்தாள். மீட்டிங்கில் பாதிப் பேச்சில் அவள் முகம் உறைந்து நிற்பதும், பிறகு காணாமல் போவதும் வாடிக்கையாகிவிட, அவளுடைய மேலாளர் பிரத்யுஷா ஒருநாள் போனில் கூப்பிட்டுத் தெளிவாகவே சொல்லிவிட்டாள்.

"பிரவீனா, உனக்காக மேல எவ்வளவோ பேசிட்டேன். அடுத்த மாசத்துலேர்ந்து நீ சென்னை ஆபீஸுக்கே வரணுமாம். இல்லேன்னா லைன்ல என்ன கோளாறு, எப்படிச் சரி பண்ணாங்கன்னு நெட் கம்பெனிகிட்டேர்ந்தே ஒரு மெயில் வரணும். மழைன்னு மட்டும் சொல்லாதே, அதை இனிமே யாரும் கேக்க மாட்டாங்க."

சென்னைக்குப் போனால் மனோஜ் பட்டறையைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட வரமுடியுமா? போகாவிட்டால் வேலை போகும். முட்டி மோதி வாங்கிய வேலை. அதை விடவும் மனசு வரவில்லை, இந்த வீட்டை விட்டுப் போகவும் மனசு வரவில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மனோஜ் விஷயத்தைச் சொன்னான். அவன் அப்பா செங்கோடன் இட்லியைப் பிட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஊரில் சம்பந்தம் பேசுவதானாலும் சண்டை தீர்ப்பதானாலும் முதலில் கூப்பிடுகிற ஆள் அவர். மாமியார் பாப்பாயி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் இவர்கள் மூன்று பேர்தான். ஆனாலும் மருமகளிடம் நேருக்கு நேர் நின்று பேசமாட்டார். 'ஒரு காப்பி இருந்தா தேவலைங்க' என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். அவளும் டம்ளரைத் திண்டுமேல் வைத்துவிட்டு, 'காப்பி இருக்குதுங்க மாமா' என்று வாசலைப் பார்த்துச் சொல்வாள். கோபதாபம் ஒன்றுமில்லை, அந்த வீட்டு மரியாதை அப்படி.

"அது அவுங்க இஷ்டமப்பா" என்று மகனிடம் சொல்லிவிட்டுக் கைகழுவப் போய்விட்டார் செங்கோடன்.

பிரவீனாவுக்குச் சுருக்கென்றது. போனால் போகட்டும் என்கிறாரா? எதுக்குப் போகணும் என்று ஒரு பேச்சுக்காவது கேட்டால் என்ன குறைந்துவிடும்?

அந்த வாரத்தில் சூலூரில் ஒரு கல்யாணம். செங்கோடன் விடிகாலையிலேயே பஸ் ஏறிவிட்டார். அன்று பார்த்து வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பிரவீனா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எப்போது போகுமோ என்று மோடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம்வரை பச்சை லைட்டு அசையவே இல்லை. சந்தோஷப்பட வேண்டியவளுக்குக் குழப்பம்தான் வந்தது. கோளாறு மழையால் என்றால் இன்றைக்கல்லவா நாலு தடவை போயிருக்க வேண்டும்?

மறுநாள் வெறும் தூறல். பத்தரை மணிக்குச் சிவப்பு லைட்டு! இந்தத் தடவை அவள் மோடத்தைத் தொடவில்லை. கேபிள் வருகிற வழியே போய்ப் பார்த்துவிடுவோம் என்று மாடியிலிருந்து இறங்கினாள்.

வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே ஒரு சந்து, மேலே தகர ஷீட்டு. நெட்டுக்காரர்கள் கருப்புக் கேபிளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு விறைப்பாக இழுத்துக் கட்டி, சுவர் ஓட்டைவழியாக மாடிக்கு ஏற்றியிருந்தார்கள். அந்தக் கேபிள்மேல், மொட்டைமாடியில் கிடக்க வேண்டிய அவளுடைய சுடிதார்கள் ஈரம் சொட்டச் சொட்ட வரிசையாகத் தொங்கின. நடுவில் மனோஜின் ஜீன்ஸ் இரண்டு. கனம் தாங்காமல் கேபிள் தொய்ந்து, சுவர் முனையில் நறுக்கென்று மடங்கிக் கிடந்தது. உள்ளே ஓடுவது கண்ணாடி இழை, இப்படி மடங்கினால் சிக்னல் எப்படிப் போகும்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாயில் ஒரு கிளிப்பைக் கவ்வியபடி, அவளுடைய துப்பட்டாவை உதறிக்கொண்டிருந்தார் செங்கோடன்.

பிரவீனா சத்தமில்லாமல் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். வீட்டு வேலைக்கு வரும் ராசாத்தாள் துணியை மெஷினில் போட்டு, மொட்டைமாடியில் காயப்போட்டுவிட்டு ஒன்பது மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவாள். சாரல் நாளிலும் சாயங்காலம் துணி காய்ந்து, மடித்து, மாடிப்படி நாற்காலியில் இருக்கும். அதுவும் சாயங்காலம் பாத்திரம் கழுவ மறுபடி வருகிற ராசாத்தாள் வேலைதான் என்று பிரவீனா நினைத்திருந்தாள். ஒருதரம் பாராட்டக்கூடச் செய்தாள். அந்த மகராசியும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். சும்மா வருகிற பாராட்டை யார்தான் வேண்டாமென்பார்கள்!

அந்த நேரம் கேட் சத்தம் கேட்டது. செங்கோடன் துணியையெல்லாம் ஒரே அள்ளாக அள்ளி ஸ்டோர் ரூமுக்குள் திணித்தார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, "ஆருங்க அது?" என்று பஞ்சாயத்துக் குரலில் கேட்டபடி வாசலுக்கு நடந்தார். கூரியர்காரன்தான். பிரவீனா மாடிக்கு ஓடிப் பார்த்தாள். லைட்டு பச்சை.

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆள் வந்தால் ஒளித்துவைக்கிறார், அதனால்தானே சாய்சரண் வரும்போதெல்லாம் லைன் சூப்பர்! அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. பெற்ற அப்பாகூட அவள் துணியைத் தொட்டு மடித்ததில்லை. மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு காதில் ஹெட்போனோடு கிடந்தவள், இதை யார் செய்கிறார்கள் என்று ஒருநாளாவது யோசித்தாளா? தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

யாரிடமும் சொல்லவில்லை, மனோஜிடம்கூட. சாயங்காலம் கடைக்குப் போய் நைலான் கயிறு வாங்கிவந்து, மாமனார் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், கேபிளுக்குப் பக்கத்திலேயே இறுக்கமாகக் கட்டிவிட்டாள். மறுநாள் சாரல் விழுந்தது. துணி கயிற்றுக்கு மாறியது. லைட்டு பச்சையாகவே இருந்தது.

நோய் தீர்ந்தது, சரி. சென்னைக்குக் காரணம் சொல்ல வேண்டுமே?

அடுத்த நாளும் தூறல். சாய்சரண் வந்து சந்தில் நின்று கேபிளை முன்னும் பின்னும் பார்த்தான். கேட் சத்தத்துக்கே கயிறு காலியாகிவிட்டிருந்தது.

"கோளாறே இல்லைங்களேக்கா. இல்லாத கோளாறுக்கு நான் என்னன்னுங்க மெயில் போடறது?"

பிரவீனாவுக்கு உண்மை வாய்வரை வந்துவிட்டது, ஆனால் கேபிள்மேல் துணி என்றாலே யார் போட்டதென்று கேட்பான். சொன்னால் வேலை தங்கும். சொன்னால் சாயங்காலத்துக்குள் அவன் அத்தை வீட்டுக்குப் போகும், அங்கிருந்து பேக்கரிக்குப் போகும். மருமகள் சுடிதாரைக் காயப்போடுகிற மனுஷனா நமக்குப் பஞ்சாயத்துச் சொல்வது என்று டீ குடிக்கிற நாலு பேர் சிரிப்பார்கள். தன் வேலைக்காக அந்த மனுஷனைச் சிரிப்பாய்ச் சிரிக்க வைப்பதா? அதற்குச் சென்னை தேவலை.

"ஒண்ணுமில்லீங்க. மழைன்னே போட்டுருங்க" என்றாள்.

"தம்பி, செத்த இருங்க."

ஸ்டோர் ரூம் வாசலில் செங்கோடன் நின்றிருந்தார். இரண்டு கையிலும் ஈரத்துணி. நேராக வந்தார். கயிற்றை விட்டுவிட்டு, கேபிள்மேல் முதலில் ஜீன்ஸைப் போட்டார். அப்புறம் அவளுடைய சுடிதார்களை ஒவ்வொன்றாக உதறி உதறிப் போட்டார். கேபிள் தொய்ந்து சுவர் முனையில் மடங்கியது.

"இப்ப மேல போயி லைட்டப் பாருங்க."

சாய்சரண் ஓடினான். மேலிருந்தே கத்தினான். "சிவப்புங்க!"

"மழையுமில்ல கிழையுமில்ல" என்றார் செங்கோடன், அவன் இறங்கி வந்ததும். "நாந்தானுங்க தம்பி. எங்கூட்டுப் புள்ளைக்கு நாளெல்லாம் வேல. அதுக்குத் துணிய நாந்தான் காயப்போட்டு மடிச்சு வெக்கறேன். ஆராச்சும் பாத்தாச் சிரிப்பாங்கன்னு, நீங்க வாரப்பெல்லாம் எடுத்து ஒளிச்சுப்போட்டேன். புதுக் கவுறு கட்டியிருந்தன்னைக்கே, கோளாறு என்னாலதான்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. வாயத் தொறக்க வெக்கமாப் போச்சுங்க."

சாய்சரண் தரையைப் பார்த்தான். "பரவால்லீங்கய்யா. கேபிள்ல வெயிட்டு விழுந்து மடங்கிருச்சுன்னு போட்டுக்கறனுங்க. ஆருன்னெல்லாம் சொல்ல வேண்டாமுங்க."

"சொல்லுங்க. ஆரு கேட்டாலும் சொல்லுங்க. பேக்கரியில கேட்டா அங்கயும் சொல்லுங்க."

அவன் சரிங்க என்று தலையாட்டிவிட்டு, மெயில் போடுவதற்காக வாசல்பக்கம் போனான். செங்கோடன் திரும்பினார். சுவரைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தார். அந்த வீட்டுக்கு அவள் வந்து இத்தனை வருஷத்தில் அவர் கண் என்ன நிறமென்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"அம்மணி, உனக்கே ஆசையிருந்தாச் சென்னைக்குப் போ, நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா என்னையக் கேட்டீன்னா..." தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். "போகாத கண்ணு. நீயும் போயிட்டா இந்த ஊட்டுல என்னால இருக்க முடியாது."

"போகலீங்க மாமா" என்றாள் பிரவீனா, அவரை நேராகப் பார்த்து.

அதற்குமேல் பேச இரண்டு பேருக்கும் பழக்கமில்லை. கேபிள்மேல் கிடந்த துணியை அந்தக் கோடியிலிருந்து அவரும் இந்தக் கோடியிலிருந்து அவளுமாக எடுக்க ஆரம்பித்தார்கள்.