அட்வான்சுக்கு வாடகை

"அத்தை, உங்க வீட்டுல இருக்க நாங்க வாடகை தர்றோம். எங்க அட்வான்ஸ் உங்ககிட்ட இருக்கப் போகுதே, அதுக்கு நீங்க வாடகை தருவீங்களா?"

மாடிக்குக் குடிவந்த அன்று ஆம்புலன்ஸ் டிரைவரின் மகள் கேட்டது இது. பெரியவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். "இவ வாய் இருக்கே!" என்று அவள் அம்மா செல்லமாகக் குட்டினாள்.

தையற்காரி வீட்டை வாடகைக்கு விட்டது அதுதான் முதல் தடவை. கைக்கு வந்த அட்வான்ஸ் பணம் சும்மா கிடப்பானேன் என்று, துணிக்கு ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினை வாங்கிக் கீழே கடையில் போட்டாள். தொழில் சூடு பிடித்தது.

இப்போது அவர்கள் காலி செய்கிறார்கள். சீருடை தைத்த கூலியையெல்லாம் திரட்டியும் திருப்பித் தரவேண்டிய தொகையில் துண்டு விழுந்தது.

"சுவரைப் பாத்தியா? பாப்பா ரயிலே ஓட்டியிருக்கா," என்றார் கணவர். "பெயின்ட்டுக்குன்னு பிடிச்சுக்கோ, சரியாப் போயிடும். உலகத்துல பிடிக்காத ஓனர் உண்டா?"

பிடித்துக்கொண்டாள். அந்தப் பணத்தை நம்பித்தான் புது வீடு பேசியிருக்கிறார்கள் என்று தெரிந்தும் பிடித்துக்கொண்டாள். டிரைவர் சாவியை நீட்டினார். "சரிங்கக்கா. நம்ம வாலு வரைஞ்சதுதானே," என்றார்.

சாவியை வாங்கிக்கொண்டு மாடியேறினாள். சாமான் போன அறை வெறிச்சென்று இருந்தது. கீழே கணவர் மெஷினை மிதித்தார். அவள் காலடியில் தரை அதிர்ந்தது. கண்ணாடி கடகடக்காமலிருக்க ஜன்னல் இடுக்கெல்லாம் காகிதம் மடித்துச் செருகியிருந்தார்கள்.

இரவெல்லாம் வண்டி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிற மனிதர். அவர் பணத்தில் வாங்கிய மெஷின் அவர் தூக்கத்தையே தின்றிருக்கிறது. ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை.

"கடவுளே," என்றாள். சுவரில் ரயில் புகை விட்டுக்கொண்டு போயிற்று.

இறங்கி வந்தாள். "ஏங்க, கட்டிலை வண்டியில ஏத்த ஒரு கை குடுங்க. பாவம், டிரைவர் திணறுறாரு."

கணவர் எழுந்து போனார், கடை காலியானது. நூல் வாங்கவென்று தொடாமல் வைத்திருந்த பணத்தை எடுத்தாள். பிடித்த தொகையும் வரும், அதற்கு மேல் கொஞ்சமும் வரும். பட்டன் தைக்கக் கொடுத்திருந்த டிரைவரின் சீருடைச் சட்டை தேய்த்துத் தயாராக இருந்தது. அன்று வேலைக்கு அவர் போடவேண்டியது. அதன் பையில் பணத்தை வைத்துப் பட்டனைப் போட்டாள்.

மடித்த சட்டையைச் சாமான் வண்டியின் முன்சீட்டில் வைத்தாள். பின்பக்கம் எல்லோரும் கட்டிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.