நாத்தனார் பேருக்கு

"நகை நட்டு எதுவும் வேண்டாங்க. ரொக்கம் வேண்டவே வேண்டாம். அந்த மாதிரி ஆளுங்க நாங்க இல்ல," என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னதும், பெண்ணின் அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முப்பது வருடமாக அடுத்தவர் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்தவர். கை தானாகக் குவிந்தது.

"ஒண்ணே ஒண்ணுதான்," என்றாள் அந்த அம்மா, அதே இதமான குரலில். "உங்க பொண்ணு பாடிப் போடுதே, அந்தச் சேனல். அதை எங்க பொண்ணு பேருக்கு மாத்திக் குடுத்துடுங்க."

குவிந்த கை அப்படியே நின்றது. மாப்பிள்ளை தன் கால் கட்டைவிரலைப் பார்த்தான். அவன் தங்கை, பத்தொன்பது வயதுப் பெண், யாரோ தன் துணியை நடுக்கூடத்தில் உதறியதுபோல் கூசிப் போனாள்.

மூலை நாற்காலியில் இருந்த கதைக்காரிக்குத்தான் முதலில் விளங்கியது. 'சேனல் பத்தி ஏதோ பேசணுமாம், நீயும் வந்து உக்காரும்மா' என்று பெண்ணின் அப்பா தன்னை ஏன் கூப்பிட்டார் என்பதும் விளங்கியது.

கதைக்காரி என்பது பாடகர்கள் வைத்த பெயர். ஜெராக்ஸ் கடை மாடியில் ஒற்றை அறை வைத்திருந்தாள். பெரிய கம்பெனிகள் திரும்பிப் பார்க்காத பாடகர்கள், கிதார்க்காரர்கள் அங்கே படியேறி வருவார்கள். நீ யார், எங்கிருந்து பாடுகிறாய், எதைப் பாடுகிறாய் என்று தோண்டித் துருவிக் கேட்பாள். அதை ஒரு பக்கக் கதையாக எழுதிக் கொடுப்பாள். எந்தப் பாட்டை எப்போது வெளியிடுவது, எந்தச் சின்ன அரங்கில் வாய்ப்புக் கேட்டுப் பார்ப்பது என்று கூடவே நடப்பாள். அவளுக்குப் பாட வராது. காது மட்டும் உண்டு.

நான்கு வருடம் முன்பு அப்படிப் படியேறி வந்தவள்தான் இந்தப் பெண். கண் ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் டோக்கன் கொடுக்கிற வேலை. அதனால் எல்லோருக்கும் அவள் 'டோக்கன்'. முதல் நாள் நிலா, மழை என்று நாலு பாட்டு பாடிக் காட்டினாள்.

"குரல் தேன்தான். ஆனா இந்த நிலாவை நீ எங்க பாத்த?" என்று கேட்டாள் கதைக்காரி. "காலைல எட்டு மணியிலேர்ந்து யாரைப் பாக்குறியோ, அவங்களைப் பாடு."

டோக்கன் கோபித்துக்கொண்டு போனாள். பத்து நாள் கழித்து ஒரு பாட்டோடு வந்தாள். புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியே வந்த கிழவர், பெஞ்சில் காத்திருந்த மனைவியின் நரையை முதன்முதலாகப் பார்த்துத் திகைத்து நின்ற பாட்டு. கதைக்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு ரெக்கார்டரைத் தட்டிவிட்டாள். சேனலுக்கு 'அடுத்த டோக்கன்' என்று பெயர் வைத்து, முகம் காட்டாமல் குரலை மட்டும் போட்டார்கள். முதல் மாதம் பதினோரு பேர் கேட்டார்கள், அதில் நான்கு பேர் ஆஸ்பத்திரி ஆட்கள். இன்றைக்கு நாற்பதாயிரம் பேர்.

அந்த நாற்பதாயிரம் பேரைத்தான் இப்போது சீர்வரிசையாகக் கேட்கிறார்கள்.

"அம்மா, அது நிலமில்ல, பத்திரம் மாத்தி எழுத," என்றாள் கதைக்காரி. "அவங்க எல்லாம் இவ குரலுக்காக வந்தவங்க."

"இருக்கட்டும்மா. கல்யாணமான பொண்ணு ஊருக்கெல்லாம் பாடிக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கும்? சொந்தக்காரங்க கேக்க மாட்டாங்க?"

"உங்க பொண்ணு பாடினா கேக்க மாட்டாங்களா?"

"அவ கன்னிப் பொண்ணு. நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தானே நல்ல வரன் வரும்?" அந்த அம்மா புன்னகை மாறாமல் சொன்னாள். வீட்டுக்கு வரப்போகிற பெண்ணுக்குக் குறையாக இருந்த ஒன்று, வீட்டிலிருந்து போகப்போகிற பெண்ணுக்கு நிறையாக இருப்பதில் அவளுக்கு எந்தச் சிக்கலும் தெரியவில்லை.

கதைக்காரி டோக்கனைச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

"முடியாதுன்னு சொல்லுடி. நான் இருக்கேன்."

"எனக்கு முப்பத்தொண்ணுக்கா. இதுக்கு முன்னாடி ஒம்பது பேர் வந்து பாத்துட்டுப் போனாங்க. ஒவ்வொரு தடவையும் அப்பா ராத்திரி சாப்பிடாம படுத்துடுறாரு." அவள் அழவில்லை. காலி டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். "குடுத்துடுங்க. பாஸ்வேர்டு உங்களுக்குத்தான் தெரியும்."

கதைக்காரி கொடுத்தாள். அன்று சாயங்காலமே, அந்தக் கூடத்திலேயே உட்கார்ந்து, தன் விரலாலேயே பெயரை மாற்றிக் கொடுத்தாள். பழைய பாட்டுகளை ஒவ்வொன்றாகச் சேனலிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். எடுத்தாள். கிழவர் பாட்டு வந்தபோது விரல் தயங்கியது. "அதுவுந்தான்," என்றான் மாப்பிள்ளை. அன்றைக்கு அவன் பேசியதே அந்த ஒரு வார்த்தைதான்.

கல்யாணம் நடந்தது. நாத்தனார் மூன்று பாட்டுப் பாடிப் போட்டாள். பாவம், அவளுக்குக் குரலும் கிடையாது, ஆசையும் கிடையாது. கீழே கருத்துகள் வந்து விழுந்தன. பழைய பெண் எங்கே? உடம்பு சரியில்லையா? இது யார்? ஆட்கள் ஆயிரம் ஆயிரமாகக் கழன்றார்கள். நான்காம் மாதம் மாமியார் கதைக்காரியைக் கூப்பிட்டனுப்பினாள்.

போகக் கூடாது என்றுதான் இருந்தாள். டோக்கனைப் பார்த்து நாளாகிவிட்டதே என்று போனாள்.

உள்ளறையில் ஜன்னலுக்குப் போர்வை கட்டி, மேஜையில் புது மைக் வைத்திருந்தார்கள். "முகம் எங்க பொண்ணு. குரல் மருமக," என்றாள் மாமியார். "குடும்பத்துக்குள்ள இதுல என்ன வித்தியாசம்? நீங்க நல்லதா ஒரு கதை எழுதிக் குடுங்க. நாலு மாசம் தொண்டைக்கு வைத்தியம் பாத்துட்டு, இப்ப மறுபடி பாட வந்துட்டான்னு."

"மருமக பாடினா சொந்தக்காரங்க பேசுவாங்களே?"

"அவ பாடுறான்னு யாருக்குத் தெரியப்போகுது?"

டோக்கன் சமையலறையிலிருந்து வந்தாள். இளைத்திருந்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "வாங்கக்கா," என்றாள், விருந்தாளியைச் சொல்வதுபோல. மறுக்கவில்லை, முணுமுணுக்கவில்லை. மைக் முன்னால் உட்கார்ந்து, ஸ்ருதிப் பெட்டியை ஓடவிட்டு, கண்ணை மூடிப் பாடினாள். அதே கிழவர் பாட்டு.

இரண்டாவது வரியில் கதைக்காரிக்குப் பிடிபட்டது. பெட்டியின் ஸ்ருதிக்குக் குரல் ஒரு நூலளவு கீழே இருந்தது. தடுமாறி விழுந்ததாக இருந்தால் ஓரிடத்திலாவது மேலே ஏறியிருக்கும். இது தொடக்கத்திலிருந்து முடிவுவரை, ஒவ்வொரு எழுத்திலும், ஒரே நூலளவு கீழே நின்றது. சொல் சுத்தம், தாளம் சுத்தம். ஆனால் கேட்கிறவனுக்குக் காரணம் தெரியாமலே நெஞ்சுக்குள் ஏதோ நெருடும், அடுத்த பாட்டுக்குப் போய்விடுவான். அப்படிப் பாடுவதற்கு எவ்வளவு தேர்ந்த தொண்டை வேண்டும் என்று அந்த அறையில் கேட்டவர்களில் ஒருத்திக்குத் தெரியும்.

இல்லை, இரண்டு பேருக்கு. நாத்தனார் சட்டென்று நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தாள். நான்கு மாதம் பாடிப் பாடித் திட்டு வாங்கியதில் அவளுக்கும் கொஞ்சம் காது வந்திருந்தது. பார்த்தாள், குனிந்துகொண்டாள்.

"எப்படி?" என்றாள் மாமியார்.

டோக்கன் கண்ணைத் திறந்து கதைக்காரியை நேராகப் பார்த்தாள்.

"பிரமாதம்மா," என்றாள் கதைக்காரி. "ஒரு தடவைக்கு மேல பாட வைக்காதீங்க. இதையே போட்டுடலாம். நான் கதை எழுதித் தர்றேன்."

எழுதியும் கொடுத்தாள். அவள் எழுதியதிலேயே அழகான பொய் அது. அதைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள், பாட்டைக் கேட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த பாட்டும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி. ஆறே மாதத்தில் அந்தச் சேனலில் நாத்தனாரின் தோழிகளைத் தவிர ஆளில்லை.

ஒரு நாள் காலை மாமியார் போன் செய்தாள்.

"விட்டுட்டோம்மா, அந்த வம்பே வேண்டாம்னு. மைக்கைக் கூட வித்தாச்சு." பெருமூச்சு வந்தது. "கல்யாணமானதும் இவ குரல் போயிடுச்சு. இல்ல, முன்னாடியே போயிருக்கும். அவங்க அப்பா வாயைத் திறக்கல பாருங்க. நாங்க நகை கேக்கல, பணம் கேக்கல. கேட்டது இது ஒண்ணுதான். அதுலயும் ஏமாத்திட்டாங்க."

கதைக்காரி 'உம்' கொட்டினாள். போனில், அந்த அம்மாவின் பேச்சுக்குப் பின்னால், குழாய்த் தண்ணீர் பாத்திரத்தில் விழும் சத்தம் கேட்டது. அதோடு சேர்ந்து யாரோ தாழ்ந்த குரலில் பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் இதுவரை கேட்டிராத பாட்டு. வார்த்தைகள் பிடிபடவில்லை. ஆனால் ஸ்ருதி இம்மி பிசகாமல் நின்றது.

"ஏம்மா, லைன்ல இருக்கீங்களா?" என்றாள் மாமியார்.

"இருக்கேம்மா. சொல்லுங்க," என்றாள் கதைக்காரி. "நீங்க பேசிக்கிட்டே இருங்க."