ஏலக்காய்க் குப்பி

போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற பொன்னுராஜ், தன் மூக்கைத் தவிர இந்த உலகத்தில் எதையும் நம்பியவர் இல்லை. எடை மிஷினை நம்பமாட்டார். பழைய தராசில் இன்னொரு தடவை போடச் சொல்வார். காய் கொண்டுவருகிறவர் பெற்ற பிள்ளைமேல் சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார். நாலு காயை உள்ளங்கையில் போட்டு, பெருவிரலால் நசுக்கி, மூக்குக்குக் கொண்டுபோய்க் கண்ணை மூடுவார். "இது போன வருசத்துக் காயி" என்று சொன்னால் அது போன வருஷத்துக் காய்தான். டெல்லியில் இருக்கிற பெரிய வியாபாரி இவரிடம் சாம்பிள்கூடக் கேட்பதில்லை. போன் போட்டு, அரைகுறைத் தமிழில், "வாசம் எப்படி?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். இவர் "நல்லா இருக்கு" என்றால் லாரி கிளம்பிவிடும். இருபத்தாறு வருஷமாகக் கடை, வீடு, மகளின் படிப்பு எல்லாவற்றையும் அந்த மூக்குதான் சுமந்தது.

அந்த மூக்குக்குத் தெரியாத ரகசியம் ஊரில் இல்லை என்று பேச்சு. மூக்குக்கு நேர் கீழேயே ஒன்று இருந்ததுதான் வேடிக்கை.

போன வருஷம் நெஞ்சுவலி வந்து தேனியில் நாலு நாள் படுத்து எழுந்தார். சிகரெட்டை விடவேண்டும் என்று டாக்டர் சொன்னார். மனைவி ஜெனிபர் அதோடு விடவில்லை. பைபிள்மேல் கையை வைக்கச் சொல்லி, இனி சிகரெட்டைத் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். பதினோரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பன்னிரண்டாம் நாள் குமுளிக்குப் போனபோது, அங்கே பழக்கமான மலையாளி நண்பர் ஒருவர் விரல் நீளத்தில் ஒரு மிஷினைக் கையில் வைத்தார். இந்த நாட்டில் விற்கவே கூடாத சாமான். எங்கிருந்து வந்தது என்று இவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தீ இல்லை, சாம்பல் இல்லை. பாட்டரியில் சூடாகி, இழுத்தால் ஆவிதான் வரும். சிகரெட்டைத்தானே தொடமாட்டேன் என்றேன், இது மிஷின் அல்லவா என்று மனுஷர் தன் மனசாட்சியோடு வாதாடி ஜெயித்தும் விட்டார்.

மிஷின் ஒன்றுதான். அதன் தலையில் மாட்டுகிற குப்பிகள்தான் வேறு வேறு. ஒவ்வொரு குப்பிக்குள்ளும் கொஞ்சம் வாசனைத் தண்ணீர், அதில் ஊற ஒரு துளிப் பஞ்சு, வாய் வைக்க ஒரு முனை. நண்பர் பத்துப் பன்னிரண்டு வாசனைகளைப் பரப்பினார். பொன்னுராஜ் சரக்கு எடுக்கிற மாதிரியே ஒவ்வொன்றாக மோந்து எடுத்தார். மாம்பழம் வேண்டாம், பக்கத்தில் வருகிறவனிடம் காட்டிக்கொடுத்துவிடும். திராட்சை வேண்டவே வேண்டாம்; கம்பத்துப் பன்னீர் திராட்சை தின்று வளர்ந்தவன் இதைத் திராட்சை என்று ஒத்துக்கொள்ளமாட்டான். காபி ஒன்று எடுத்தார், காலையில் வீட்டுக்கு. புதினா ஒன்று, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு. பெப்பர்மென்ட் சப்புகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். ஏலக்காய் ஒன்று, கடைக்கு. ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறவன்மேல் ஏலக்காய் வாசம் வந்தால் எந்தப் போலீஸ்காரன் கண்டுபிடிப்பான், எந்தப் பெண்டாட்டி கண்டுபிடிப்பாள்? தன் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்தது.

"ஒரு வாசத்துக் குப்பியில இன்னொன்ன ஊத்தாதீங்க சேட்டா, ரெண்டும் கெட்டுப்போகும்" என்றார் நண்பர். "புதுக் குப்பின்னா ஊத்திட்டுப் பத்து நிமிஷம் பஞ்சு ஊறட்டும். மாட்டுற எடத்தத் தினமும் தொடைக்கணும். பதினஞ்சு நாளைக்கு மேல எந்தக் குப்பியும் வேண்டாம், தூரப் போட்டுடணும், கேட்டோ!"

முதல் மூன்றையும் பொன்னுராஜ் பக்தியோடு செய்தார். கடை மேஜை இழுப்பறையில், சாம்பிள் டப்பாக்களுக்குப் பின்னால் குப்பிகளை வரிசையாக நிறுத்திவைத்தார். காது குடைகிற பஞ்சுக்குச்சியால் மிஷினைத் துடைத்தார். காலியான குப்பியை வெந்நீரில் அலசி, பேப்பரில் கவிழ்த்து உலர்த்தினார். தூரப் போடுவது மட்டும் அவரால் ஆகவில்லை. கிழிந்த சாக்கைத் தைத்துத் தைத்து ஆறு நடை ஓட்டுகிற கை அது. முழுசாக இருக்கிற குப்பியைத் தூக்கி எறியுமா? ஏலக்காய்க் குப்பிக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது. அடியில் இருந்த ரப்பர் வளையம் தளர்ந்து, மாட்டும்போதும் கழற்றும்போதும் விரலெல்லாம் பிசுபிசுத்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

புதுக் காய் வரத் தொடங்கிய வாரம், செவ்வாய்க்கிழமை. பண்ணைப்புரத்துக்காரர் சுருளியாண்டி, மலையில் இருக்கிற தன் தோட்டத்துக் காயில் எட்டு மூட்டை இறக்கினார். மேஜைக்கு வந்த சாம்பிள் தட்டிலிருந்து நாலு காயை நசுக்கி மோந்த பொன்னுராஜ் திடுக்கிட்டார். ஏலக்காய் வாசம்தான். ஆனால் காயின் வாசம் இல்லை. மிட்டாய்க் கடை வாசம். இனிப்பாக, கொழகொழவென்று, எசன்ஸ் வாசம்!

தைலம் வடிக்கிற இடங்களில் சத்தையெல்லாம் உறிஞ்சிய பிறகு மிஞ்சுகிற சக்கைக் காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றி, நல்ல காயோடு கலந்து தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. பார்வைக்குக் குறையே தெரியாது. வாசம்தான் இருக்காது. அந்தக் குறையை மறைக்க எசன்ஸும் தெளித்துவிட்டால்? அப்படி ஒரு மூட்டை தன் கடைப் பெயரோடு டெல்லிக்குப் போனால், இருபத்தாறு வருஷத்து மூக்கின் மரியாதை அன்றோடு முடிந்தது.

"ஏய்யா சுருளியாண்டி, இதுல என்னத்தத் தெளிச்ச?"

"என்ன மொதலாளி இப்படிக் கேக்குறீக? எங்க அப்பா காலத்துல இருந்து இங்கனதான போடுறோம்!"

"ஒண்ணும் பேசாத. திருப்பி ஏத்து."

சுருளியாண்டி மூட்டையை ஏற்றிக்கொண்டு போனார். வியாழக்கிழமை ஜெயமங்கலத்துக்காரர் ஒருவரின் காய் வந்தது. அதே எசன்ஸ். வெள்ளிக்கிழமை இன்னொருவர் காய். அதிலும் எசன்ஸ். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. அப்படியென்றால் தப்பு மலையில் நடக்கவில்லை, கடைக்குள் நடக்கிறது. மூன்று பேர் காயும் மேஜைக்கு வருவதற்குமுன் ஒரே கை வழியாக வந்திருக்கிறது என்று பொன்னுராஜ் கணக்குப் போட்டார். அந்தக் கை பாண்டியம்மாளுடையது.

பாண்டியம்மாள் அந்தக் கடையில் காய் பிரிக்கிற பெண்களுக்குத் தலைவி. பத்தொன்பது வருஷமாக அதே இடத்தில், அதே சாக்கை விரித்து உட்கார்கிறவள். சல்லடையில் பருமன் பார்த்து, வெடித்ததையும் கறுத்ததையும் பொறுக்கித் தள்ளிவிட்டு, சாம்பிள் தட்டை அவள்தான் கொண்டுவந்து மேஜைமேல் வைப்பாள். பேச்சுக் குறைவு. பேச்சுக் குறைந்தவளை நம்பக்கூடாது என்று இப்போதுதான் பொன்னுராஜுக்குப் பட்டது.

சந்தேகம் வந்துவிட்டால் சாட்சிக்குப் பஞ்சமா? அவள் துணிப்பையிலிருந்து சின்ன மஞ்சள் குப்பி ஒன்றை எடுத்துத் திறந்து மூடுவதை இரண்டு தடவை பார்த்தார். குடோனின் பின்பக்கம், காலிச் சாக்குகளுக்குப் பின்னால் சிவப்புக் கயிறு கட்டிய நாலு மூட்டை ஒளிந்திருப்பதைக் கண்டார். அவர் கடையில் சிவப்புக் கயிறு கட்டுகிற வழக்கமே இல்லை. ஆகா, நல்ல காயை அமுக்கிவிட்டுச் சக்கையைக் கலக்கிறாள்! நெஞ்சு படபடத்தது. பின்பக்கம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மிஷினை நாலு இழுப்பு இழுத்துவிட்டு வந்து சாம்பிளை மோந்தார். வாசம் இன்னும் தூக்கலாக அடித்தது. இன்றைக்குக் கூடுதலாகத் தெளித்திருக்கிறாள், பாதகத்தி!

வீட்டிலும் நிம்மதி இல்லை. காலையில் ஜெனிபர் இவர் பக்கத்தில் வந்து நின்று, "நீங்க எப்பக் காபி குடிச்சீக? நான் இன்னும் பாலே காய்ச்சலயே" என்றாள். இரவுச் சாப்பாட்டில், "என்ன மீன் கொழம்பு, வாசமே இல்ல" என்று இவர் தட்டைத் தள்ளியபோது அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"தெரு முக்கு வரைக்கும் மணக்குது. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

அவளுக்கு என்னவோ தெரிந்துவிட்டது என்று அவர் அந்தப் பார்வையையும் சந்தேகப்பட்டார். அவள் என்ன சொன்னாள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் பெண்கள் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். பாண்டியம்மாள் சாம்பிள் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். பொன்னுராஜ் ஒரு தடவை மோந்துவிட்டுத் தட்டை ஓங்கித் தள்ளினார். காய் தரையெல்லாம் உருண்டது.

"உன் பையக் கொண்டா."

"எதுக்கு மொதலாளி?"

"கொண்டான்னா கொண்டா!"

அவள் கொண்டுவருவதற்குள் அவரே போய் எடுத்துவந்து மேஜைமேல் கவிழ்த்தார். சாப்பாட்டு டப்பா, சீப்பு, ஒரு கைக்குட்டை, அந்த மஞ்சள் குப்பி. "இந்தா மாட்டிக்கிருச்சு" என்று மூடியைத் திருகி, இடது கையால் மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றும் இல்லை. மறுபடி இழுத்தார். தண்ணீரை மோந்த மாதிரி இருந்தது.

"அது தலைவலித் தைலம்ல மொதலாளி" என்றாள் காய் பிரிக்கிற பாண்டீஸ்வரி, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "இங்கன வரைக்கும் காந்துதே!"

பொன்னுராஜுக்கு முகம் சிவந்தது. ஆனால் தப்பை ஒத்துக்கொள்கிற வழக்கம் அவரிடம் இல்லை. "அப்ப எசன்ஸ் எங்கேருந்து வருது?" என்று கத்தினார். "நீ வைக்கிற தட்டுல மட்டும் எப்படி வருது?"

பாண்டியம்மாள் சாமான்களை ஒவ்வொன்றாகப் பையில் எடுத்துப் போட்டாள். பிறகு மேஜைக்கு இந்தப் பக்கம் வந்தாள்.

"கையக் கொஞ்சம் நீட்டுங்க மொதலாளி."

அவர் எதற்கென்று தெரியாமலேயே நீட்டினார். அவள் தொடாமல் குனிந்து, பெருவிரல் பக்கத்தில் ஒரே ஒரு மூச்சு இழுத்தாள்.

"எசன்ஸ் இங்கன இருக்கு."

பாண்டீஸ்வரியும் எழுந்துவந்து மோந்து பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினாள். பொன்னுராஜின் கண் தானாக மேஜை இழுப்பறைக்குப் போய்த் திரும்பியது. தளர்ந்த வளையமும் விரலின் பிசுபிசுப்பும் வேட்டியில் துடைத்ததும் இப்போதுதான் அவர் புத்தியில் ஏறின. சுருளியாண்டியின் முகம் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட ஒரு படி மேலாக, அப்பாடா என்றும் இருந்தது. எவனும் ஏமாற்றவில்லை. கையைக் கழுவினால் சரியாகிவிடும்.

சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டு வந்தார். அதற்குள் பாண்டியம்மாள் மூன்று தட்டில் காய் எடுத்துவைத்திருந்தாள்.

"இப்பப் பாருங்க."

முதல் தட்டிலிருந்து நாலு காயை எடுத்து நசுக்கி, கண்ணை மூடி மோந்தார். எசன்ஸ் இல்லை. நல்லது. ஏலக்காயும் இல்லை. இன்னும் ஆழமாக இழுத்தார். கையில் போட்ட சோப்பின் வாசம்கூட இல்லை. அவ்வளவு நாளும் அவர் மோந்துகொண்டிருந்தது தன் விரலை மட்டும்தான். லேசாக ஒட்டியிருந்தவரை அதை நயம் காய் வாசம் என்று நினைத்தார், கசிவு கூடியதும் எசன்ஸ் என்று நினைத்தார். மிஷின் தின்றுபோட்ட மூக்குக்கு அந்தக் காட்டமான வாசத்தைத் தவிர வேறு எதுவும் எட்டவே இல்லை. கண்ணைத் திறந்தால் ஆறு பெண்களும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வியாபாரியின் வாய் சும்மா இருக்குமா?

"இது நயம் காயி" என்றார். இரண்டாவதைக் கண்ணால் அளந்து, "இது சுமார்" என்றார். மூன்றாவது பருமனாக, பச்சைப் பசேலென்று இருந்தது. "மூணுலயும் இதுதான் ஒசத்தி."

பாண்டியம்மாள் அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அது சக்கைக் காயி மொதலாளி. எண்ணெய் எடுத்தது. அந்தச் செகப்புக் கயிறு மூட்டையில இருந்துதான் எடுத்தேன். ரெண்டு மாசமா நீங்க நயம்னு சொல்லி விட்ட சரக்குல நான் பொறுக்கி ஒதுக்குனதுதான் அந்த நாலு மூட்டையும். ஏதோ சளி புடிச்சிருக்கு, சரியாகிரும்னு இருந்தேன். வெளிய தெரிஞ்சா உங்களுக்குத்தான கேவலம்னு யார்ட்டயும் சொல்லல."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"பத்தொம்பது வருசத்துல எம் பைய யாரும் ஒதறுனதில்ல மொதலாளி."

அவ்வளவுதான் சொன்னாள். அவள் படி இறங்கியதும் பாண்டீஸ்வரி எழுந்தாள். பிறகு மற்றவர்களும் சேலையை உதறிக்கொண்டு எழுந்து போனார்கள். பொன்னுராஜ் கூப்பிடவேண்டும் என்று நினைத்தார். குனிந்து, தரையில் உருண்ட காயைப் பொறுக்கத் தொடங்கினார்.

போன் அடித்தது. டெல்லி.

"பொன்னுராஜ் சாப், வாசம் எப்படி?"

"நல்லா இருக்கு" என்று சொல்ல வாயைத் திறந்தார். இத்தனை வருஷம் சொன்ன வார்த்தை, ஒரு நொடியில் சொல்லிவிடலாம். சிவப்புக் கயிறு மூட்டைகள் கண்முன் நின்றன.

"இருங்க. கேட்டுச் சொல்றேன்."

டெல்லிக்காரர் சிரித்தார். "உங்களுக்கே கேக்கணுமா? யார்கிட்ட கேப்பீங்க?"

பொன்னுராஜ் போனை வைத்தார். பாண்டியம்மாள் பையில் போட மறந்த மஞ்சள் குப்பி மேஜை ஓரத்தில் கிடந்தது. எடுத்து மூடியைத் திருகினார். இரண்டு மூக்குத் துளையிலும் ஒட்டவைத்து, நெஞ்சு கொள்ளுமட்டும் இழுத்தார். கண் எரிந்து தண்ணீர் வழிந்தது. வாசம் வரவில்லை.