அண்ணியின் குரலுக்கு ஒரு விளக்கக் கடிதம்

மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கைப்பேசியில் மேய்வது என் வழக்கம். அப்படி மேய்ந்தபோதுதான் அந்த நாற்பது நொடி வீடியோ கண்ணில் பட்டது. யாரோ ஒரு பயணி ரயில் நிலையத்தில் எடுத்துப் போட்டது. நாலாவது பிளாட்பாரம். ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல் ஆட்சிமொழியில் என்னவோ சொல்லி முடிக்கிறது. பாதிப் பேர் எழுந்து ஓடுகிறார்கள். மீதிப் பேர் ஒன்றும் புரியாமல் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருக்கிறார்கள். கரகரவென்று ஒரு சத்தம். அப்புறம் நம் மொழியில் ஒரு பெண் குரல்.

"சிவப்புக் குடை வச்சிருக்கிற அம்மா, உங்களத்தான். எழுந்திருங்க. வண்டி நாலுல வரல, ஒண்ணுக்கு மாத்திட்டாங்க. குழந்தைய வச்சிருக்கிறவர், நீங்களும்தான். ஓடாதீங்க, மெதுவா பாலம் ஏறி வாங்க. வண்டி உங்கள விட்டுட்டுப் போகாது. நான் சொல்லிட்டேன்."

வீடியோவை மறுபடியும் முதலிலிருந்து ஓட்டினேன். அது என் அண்ணியின் குரல். எங்கள் வீட்டில் தினமும் காலையில் குளியலறைக் கதவைத் தட்டி, "தம்பி, உள்ள தூங்கிட்டீங்களா?" என்று கேட்கிற அதே குரல்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. ஏழு வருடமாக வலைப்பூ எழுதுகிறேன். இணையத்தில் கண்டது கேட்டது எல்லாம் அதில் வரும். கடலடியில் கேபிள் பதிக்கிற கப்பலில் சமையல் செய்பவரின் நாட்குறிப்பு, தன் ஊர்க் கதவுகளின் சத்தத்தை மட்டும் பதிவு செய்து தொகுத்திருக்கும் ஒரு மனிதர், இப்படி. தேசிய மொழிக் கொள்கை செய்தியில் வந்த நாளிலிருந்து என் பாணியே மாறிப்போனது. பொது இடங்களில் அறிவிப்பு, பலகை, படிவம் எல்லாம் இனி ஆட்சிமொழியில் மட்டும் என்றார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. வரிசையாகப் பதினொரு பதிவு போட்டேன். ஒவ்வொரு தலைப்பிலும் மூன்று ஆச்சரியக்குறி. படித்தவர்கள் முப்பது பேர் இருந்தால் அதிகம். அதில் ஒருவர் என் அண்ணன், அதுவும் கிண்டல் பண்ணுவதற்காக. "எழுத்தாளரே, இன்னிக்கு அரசாங்கத்தக் கவுத்தாச்சா?" என்பான்.

அண்ணி அந்த நிலையத்தில், பிளாட்பாரங்கள் எல்லாம் தெரிகிற மைக் அறையில், ஒன்பது வருடமாக ஒப்பந்த அறிவிப்பாளர். முன்பெல்லாம் இரண்டு மொழியிலும் அவரே பேசுவார். கொள்கை வந்தபின் பேச்சே கிடையாது. வண்டி எண், நேரம், பிளாட்பாரம் என்று துண்டு துண்டாகப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். பொத்தானை அமுக்கினால் கோர்த்துச் சொல்லும். தீப்பிடித்தால், விபத்து நடந்தால் மட்டும் மைக்கைத் தொடலாம் என்று சுவரில் உத்தரவு ஒட்டியிருக்கிறது. இதையெல்லாம் அண்ணி ஒருநாளும் வீட்டில் புலம்பியதில்லை. நான்தான் அவருக்கும் சேர்த்துக் கொதித்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டுத் தலைகால் புரியாமல் எழுதினேன். பதினொரு பதிவில் நான் கத்தியதை இந்த மனுஷி நாற்பது நொடியில் செய்துவிட்டார் என்று எழுதினேன். கத்தவில்லை, யாரையும் திட்டவில்லை, ஒரு குடையைப் பார்த்து அதன் நிறத்தைச் சொன்னார், அவ்வளவுதான் என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெருமை யாரை விட்டது? கடைசி வரியில், "இவர் வேறு யாருமல்ல, என் அண்ணி" என்று போட்டு, நிலையத்தின் பெயரையும் சேர்த்து வெளியிட்டேன்.

மறுநாளைக்குள் நாற்பதாயிரம் பேர் படித்துவிட்டார்கள். 'நான் சொல்லிட்டேன்' என்பதைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு ஒருவன் படம் அனுப்பினான். நான் தரையிலேயே இல்லை. மூன்றாம் நாள் அண்ணி ஒரு காகிதத்தோடு வீட்டுக்கு வந்தார். விளக்கம் கேட்டுக் கடிதம். அந்த வாரம் மாறி மாறி வேலை பார்த்த அறிவிப்பாளர்கள் மூன்று பேர். யார் பேசியது என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது, விசாரித்தபோது மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. அவர்களுக்குத் தெரியாததை வீட்டுக்குள்ளிருந்து நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அண்ணியின் நிரந்தரப் பணி உத்தரவு அடுத்த மாதம் வரவேண்டியது. அதற்காக ஒன்பது வருடம் காத்திருந்தார்.

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தான். கிண்டல் பண்ணியிருந்தால்கூடத் தேவலை. எழுந்து உள்ளே போய்விட்டான்.

"அண்ணி, பதிவ எடுத்துடறேன்."

"எடுத்து? நாற்பதாயிரம் பேர் கண்ணையும் போய்க் கழுவி விடுவீங்களா?" என்று சிரித்தார். எப்படித்தான் சிரிப்பு வந்ததோ. "உட்காருங்க. நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. நான் ரெண்டு தடவ படிச்சேன்."

பரிகாரமாக நானே விளக்கக் கடிதத்துக்கு ஒரு வரைவு எழுதிக் கொடுத்தேன். உரிமை, வரலாறு, அநீதி எல்லாம் அதில் இருந்தன. அண்ணி படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

"இதக் குடுத்தா என் வேலையோட நிக்காது. உங்களையும் சேர்த்துத் தூக்கிடுவாங்க."

சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அவரே எழுத உட்கார்ந்தார். ஆட்சிமொழியில். எனக்கு அதில் பலகை படிக்கத் தெரியும், திட்டத் தெரியும், அவ்வளவுதான். அண்ணியின் பேனா எங்கேயும் நிற்காமல் ஓடியது. அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி அந்தப் பக்கத்தைப் படித்தேன். குரல் என்னுடையதுதான் என்று முதல் வரியிலேயே இருந்தது. பிளாட்பாரத்தில் அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள், வண்டி புறப்பட ஆறு நிமிடம் இருந்தது, அவர்களிடம் சொல்வதுதான் என் வேலை என்று நினைத்தேன் என்று இருந்தது. ஒரு சொல் கூடுதல் இல்லை. வெறுக்கிற மொழியில் ஒரு கடிதம் இவ்வளவு அழகாக இருக்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை.

"அண்ணி, இந்த மொழி மேல உங்களுக்குக் கோவமே கிடையாதா?"

"அது என்ன பாவம் பண்ணுச்சு? அதுல எனக்கு எத்தன பாட்டு பிடிக்கும் தெரியுமா?" என்றார். "புரியாதவங்களுக்கும் ஒரு தடவ சொன்னா என்னன்னுதான் கேக்கறேன்."

கடிதத்தைக் கொடுத்தபின் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அன்று அண்ணனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. நான்தான் கூடப் போனேன். நிலைய மேலாளரின் அறை மாடியில், பிளாட்பாரங்களைப் பார்த்த பெரிய ஜன்னலோடு இருந்தது. கொடுமைக்காரராக இருப்பார், நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கங்கணம் கட்டிக்கொண்டு போயிருந்தேன். அவரோ எங்களுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். நம் மொழியிலேயே பேசினார்.

"உங்க கடிதத்த மேல அனுப்பினா வேலை போயிடும்மா. அதனால அனுப்பல," என்று அண்ணியிடம் இன்னொரு காகிதத்தை நீட்டினார். "அது என் குரல் இல்லன்னு இதுல ஒரு வரி இருக்கு. கையெழுத்துப் போடுங்க. தம்பி, நீங்க ஆள் தெரியாம எழுதிட்டேன்னு ஒரு திருத்தம் போட்டுடுங்க. இதோட முடிஞ்சுடும். உங்க நிரந்தர உத்தரவு என் மேசையிலதான் இருக்கு."

எனக்கு உயிர் வந்தது. அங்கேயே கைப்பேசியை எடுத்து 'திருத்தம்' என்று தலைப்புப் போட்டுவிட்டேன். ஆச்சரியக்குறி ஒன்றுகூட இல்லை.

அண்ணி பேனாவைக் கையில் எடுத்தார். மூடியைத் திறந்தார். காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடுங்க அண்ணி," என்றேன். என் குரல் கெஞ்சியது.

அப்போது வெளியே ஒலிபெருக்கி பேச ஆரம்பித்தது. வண்டி எண். நேரம். ஐந்திலிருந்து இரண்டுக்கு மாற்றம். பதிவுக் குரல் இரண்டு முறை சொல்லிவிட்டு நின்றது. கீழே ஐந்தாவது பிளாட்பாரத்தில் பாதிப் பேர் எழுந்தார்கள். மற்றவர்கள் அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள், பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், பிறகு உட்கார்ந்துவிட்டார்கள்.

அண்ணி ஜன்னலைப் பார்த்தார். விசாரணை முடியும்வரை அவருக்கு மைக் அறைக்குள் போக அனுமதி இல்லை.

"சார், ஒரு நிமிஷம்," என்று எழுந்தார்.

"அம்மா, கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"வண்டி போயிடும் சார்."

பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு அண்ணி கதவைத் திறந்துகொண்டு போனார். படிக்கட்டில் செருப்புச் சத்தம் தடதடவென்று இறங்கியது. போய்த் தடுக்கலாமா என்று தோன்றியது உண்மை. ஆனால் ஜன்னலை விட்டு நகர முடியவில்லை. மேலாளரும் என் பக்கத்தில் வந்து நின்றார்.

கீழே அண்ணி முதல் பெஞ்சில் குனிந்து ஏதோ சொன்னார். இரண்டாவது பெஞ்சு. மூன்றாவது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை, கை பாலத்தைக் காட்டுவது மட்டும் தெரிந்தது. நாலாவது பெஞ்சுக்கு அவர் போய்ச் சேருவதற்குள், முதல் பெஞ்சுக்காரர் எழுந்து எதிர்ப் பெஞ்சில் இருந்தவர்களிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவர்கள் தண்ணீர்க் குழாயடியில் நின்றவர்களிடம். பெட்டிகள் தலைக்கும் தோளுக்கும் ஏறின.

மேலாளர் என்னைப் பார்க்கவில்லை. மேசைக்குப் போய்த் தொலைபேசியை எடுத்து, தாழ்ந்த குரலில், ஆட்சிமொழியில், வண்டியை இரண்டு நிமிடம் நிறுத்தி வைக்கச் சொன்னார். எனக்கே புரிந்தது.

பாலம் நிறைந்துகொண்டிருந்தது. அண்ணி இன்னும் பிளாட்பாரத்தின் கடைசிப் பெஞ்சில்தான் இருந்தார். காது சரியாகக் கேட்காத யாரோ போலிருக்கிறது. பக்கத்தில் மண்டியிட்டு, இரண்டு விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.