தோள் தெரியட்டும்

இருபத்து மூன்று வருடத் தாம்பத்தியத்தில் மர்ரே ஒரு கல்யாண நாளுக்குக்கூட வீட்டில் இருந்ததில்லை. இது ஊரறிந்த சங்கதி. ஏப்ரல் எட்டாம் தேதி கல்யாணத்தை வைத்தது மாமியார்தான் என்று இன்றுவரை அவள் தலையிலேயே பழியைப் போடுகிறான். ஏப்ரலில்தானே எங்கள் மலைகளில் ஆண் மான்கள் பெட்டைக்காகத் தொண்டை கிழியக் கத்தும்? அந்தச் சத்தம் காதில் விழுந்துவிட்டால் இந்தப் பக்கத்து ஆண்பிள்ளைகளுக்கு மாடு, கறவை, பெண்டாட்டி எல்லாம் மறந்துபோகும். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

இந்த வருடம் அவன் பெண்டாட்டி டெல்வின் ஒரே போடாகப் போட்டாள்.

"இந்தத் தடவை நானும் வரேன்."

"சமைக்கவா?"

"சமைக்கத்தான் நீ இருக்கியே. நான் சுடப் போறேன்."

டெல்வின் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். முப்பது வாண்டுகள் ஒரே நேரத்தில் கூச்சல் போட்டாலும், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஒரே அதட்டலில் வண்டியை அமைதியாக்கிவிடுவாள். அந்தக் குரலுக்கு மர்ரேயும் பயந்தவன்தான். அவள் யாரிடமும் மூச்சு விடாமல் துப்பாக்கி லைசென்ஸ் பரீட்சை எழுதிப் பாஸாகி, அந்த அட்டையைச் சாப்பாட்டு மேஜைமேல் அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தபோது, மர்ரே வாய்க்குக் கொண்டுபோன கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

காரணம் இருந்தது. அவன் வழக்கமாகத் தங்கும் மலைக்குடிலில் ஒரு சட்டம் உண்டு. கூட வந்தவர்களில் இதுவரை ஆண் மான் சுடாதவர் யாராவது இருந்தால் முதல் குறி அவருக்குத்தான். எவ்வளவு பெரிய கொம்பு வந்து நின்றாலும் மற்றவர்கள் விரலை அசைக்கக் கூடாது. அதைக் கதவின் உள்பக்கத்தில் பேனாக்கத்தியால் செதுக்கி வைத்தவனே மர்ரேதான். இருபது வயதில் அவன் முதல் மானைச் சுட்டபோது அனுபவசாலிகள் மூன்று பேர் பல்லைக் கடித்துக்கொண்டு விலகி நின்றார்கள். அந்த நன்றியில், அந்த வயசுக் கொழுப்பில் செதுக்கியது. இப்போது அதுவே அவன் காலைச் சுற்றியது.

அவனுக்கு ஒரு மான் பாக்கி இருந்தது. அதற்கு அவன் வைத்த பெயர் பாதிரியார். பிரசங்கம் செய்வதுபோல் அடித்தொண்டையில் ஆரம்பித்து, நீட்டி முழக்கி, கடைசியில் மூன்று முறை கனைத்து முடிக்கும். பதினாலு முனைக் கொம்பு. இடது கொம்பின் அடிமுனை மட்டும் கோணலாக, கண்ணைக் குத்தப் போவதுபோல் கீழே வளைந்திருக்கும். ஒவ்வொரு வருடமும் அது உதிர்க்கும் கொம்பைத் தேடிப் பொறுக்கி வந்து கறவைக் கொட்டகையில் ஆணியடித்து மாட்டியிருந்தான். ஏழு வருடம் அதன் பின்னால் அலைந்தாயிற்று. ஒரு வருடம் காற்று கெடுத்தது, ஒரு வருடம் மழை, ஒரு வருடம் சொந்தத் தும்மல். குடிலில் வேட்டைக்காரர்கள் அன்றன்றைக்கு எழுதிவைக்க ஒரு நோட்டு உண்டு. ஏழு வருடமும் அவன் அதில் எழுதியது ஒரே வரி: "கண்டது: பாதிரியார். சுட்டது: இல்லை."

கடைசியாகக் கிடைத்த கொம்பில் ஒரு முனை கட்டையாகிவிட்டிருந்தது. கிழடு தட்டிவிட்டது. அடுத்த வருடம் மான் இருந்தாலும் இந்தக் கொம்பு இருக்காது. ஆகவே இந்த வருடத்தை விட்டால் இல்லை. இந்த வருடம் பார்த்தா இவளுக்கு ஆசை வர வேண்டும்?

ஆனாலும் சொல்லிக்கொடுப்பதில் மர்ரே வஞ்சகம் செய்யவில்லை. பிளைவுட்டில் மான் வெட்டி, தோளில் சிவப்பு வட்டம் போட்டு, வேலியோரம் நட்டு, இரண்டு மாதம் சுட வைத்தான். "தோள் தெரியாமல் சுடாதே" என்று ஒரு காகிதத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினான். கொம்பை நம்பாதே, அசைவை நம்பாதே, நிறத்தை நம்பாதே, தோள் தெரியட்டும். பால் எடுக்கப் போனாலும் வெண்ணெய் எடுக்கப் போனாலும் அவள் அதை வாய்விட்டுப் படித்தாக வேண்டும்.

ஏழாம் தேதி மத்தியானம் குடிலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். முதுகுமூட்டையை இறக்குவதற்குள் ஆற்றுக்கு அப்பால் பாதிரியார் பிரசங்கத்தைத் தொடங்கிவிட்டார். மூன்று கனைப்பு. மர்ரே பிடித்த கெட்டிலை வைக்காமல் அப்படியே நின்றுவிட்டான்.

எட்டாம் தேதி விடியலில் அவன் ஓட்ஸ் கஞ்சியைக் கிண்டியபடி மெதுவாக ஆரம்பித்தான்.

"டெல், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. இன்னைக்கு ஒரு நாள் மட்டும் எனக்கு விடு. நாளையிலேர்ந்து உன் இஷ்டம்."

அவள் கரண்டியால் கதவைக் காட்டினாள். "படி."

"அதை எழுதினதே நான்தான்."

"அதனாலதான் படிக்கச் சொல்றேன். மறந்துட்டியோன்னு."

மர்ரே கஞ்சியைக் குடித்து முடித்தான். பிறகு எழுந்துபோய்த் தன் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டைக் கழற்றி, அவள் உள்ளங்கையில் வைத்தான். போல்ட் இல்லாத துப்பாக்கி வெறும் குழாய்தான், அதை வைத்துக் கொசுகூட அடிக்க முடியாது.

"இதைக் கோட்டுப் பையில போட்டு பட்டனையும் போட்டுக்கோ. சொன்ன சொல்லை நான் காப்பாத்தணும்னு இருக்கேன். ஆனா அவனை நேர்ல பாத்தா எனக்குப் புத்தி பேதலிச்சிடும். கேப்பேன். கெஞ்சுவேன். குடுக்காதே."

"திட்டினா?"

"திட்டினாலும் குடுக்காதே."

"திட்டு எனக்கென்ன புதுசா," என்று அவள் பட்டனைப் போட்டாள்.

பூட்டில்லாத குடிலில் துப்பாக்கியை விட்டுப்போக முடியாது என்பதால் வெறும் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான். இருவரும் ஆரஞ்சு மேல்சட்டை போட்டிருந்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கு ஆறு நாளைக்கு அவர்கள் இருவருக்கு மட்டும் வேட்டை அனுமதிக் குலுக்கலில் விழுந்திருந்தது. வேறு ஈ காக்கை வரக் கூடாது. அந்தத் தைரியம் மர்ரேக்கு நிறையவே இருந்தது.

ஓடைக்கு மேலே, மறுசரிவு முழுவதும் தெரியும் பாறையில் படுத்தார்கள். டெல்வின் மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்தாள். மர்ரே மாட்டுக் கொம்பை வாயில் வைத்து மான் குரலில் கத்தினான். பதிலில்லை. மறுபடி கத்தினான். பதிலில்லை.

"போயிட்டானோ?" என்றாள்.

"போகமாட்டான். கிழவன், விவரமானவன். ராத்திரி சண்டை போட்டுக் களைச்சிருப்பான். இந்த மாதிரி வேளைல சத்தமே போடாம நேரா கிளம்பி வருவான், பாரு."

முப்பது வருட அனுபவம் இருக்கிறதே, அது எந்த மௌனத்துக்கும் ஒரு காரணம் வைத்திருக்கும்.

அரைமணி கழித்து மறுசரிவில் சுள்ளி முறிந்தது. ஆள் உயரப் பெரணிப் புதர் அசைந்தது. அதற்கு மேலே கொம்பு எழுந்தது. வலதில் ஏழு, இடதில் ஏழு. இடது அடிமுனை கீழே வளைந்திருந்தது. அதன் கீழே பழுப்புப் பிடரிமயிர்.

மர்ரே அவள் காதருகே குனிந்தான். "அவன்தான்," என்றான் மூச்சாக. "அவனேதான். எண்பது மீட்டர். சுடு, டெல்."

"தோள் தெரியல."

"கழுத்து தெரியுதே. கழுத்துல அடி."

"தோள்."

கொம்பு ஆடி ஆடி மேலேறியது. நின்றது. மர்ரேயின் பின்கழுத்தில் காற்று பட்டது. காற்று மாறுகிறது! இன்னும் கொஞ்ச நேரத்தில் இவர்கள் வாடை அங்கே போய்ச் சேரும், அதோடு முடிந்தது கதை. இன்னும் ஒரு வரி நோட்டில். எட்டாவது வரி.

"காத்து மாறுதுடி! அந்தக் கொம்பை எனக்கு என் கைரேகை மாதிரி தெரியும். ஏழு வருஷக் கொம்பைக் கொட்டகைல மாட்டி வெச்சிருக்கேன். வேற எது இருக்க முடியும் அதுக்கு அடியில? சுடு!"

"சேஃப்டியே எடுக்கல நான். தோள் தெரியட்டும்."

கொம்பு மெல்லத் தாழ்ந்தது. படுக்கப் போகிறது என்று நினைத்தான். படுத்துவிட்டால் பெரணிக்குள் ஒன்றுமே தெரியாது. அவனுக்குள் ஏதோ அறுந்தது. கை தானாக அவள் கோட்டுப் பைக்குப் போனது.

"போல்ட்டைக் குடு."

"மாட்டேன்."

"ஏழு வருஷம், டெல். ஏழு வருஷம்! கால்ல வேணும்னாலும் விழறேன். அடுத்த வருஷம் உனக்கு என்ன வேணுமோ செய்யறேன். குடு, பாவி, குடு!"

அவன் பட்டனைப் பிடித்து இழுத்தான். நூல் அறுந்தது. அவள் முழங்கையைப் பைமேல் அழுத்தி, கண்ணை ஸ்கோப்பிலிருந்து எடுக்காமலே, பஸ் முழுவதையும் அடக்குகிற அந்தக் குரலில் கத்தினாள்.

"குடுக்க முடியாதுன்னா முடியாது!"

பள்ளத்தாக்கே அதிர்ந்தது. ஓடையோரத்துப் பறவைகள் கூட்டமாகக் கிளம்பின. மர்ரே முகத்தைப் பாறையில் புதைத்துக்கொண்டான். எல்லாம் போயிற்று.

பெரணிக்குள்ளிருந்து கொம்பு விருட்டென்று எழுந்தது. "அம்மணி! யாரும்மா அது?" என்று கேட்டது. "நல்லவேளை, தயவுசெஞ்சு போயிடாதீங்க! நான் வழி தவறிட்டேன்!"

டெல்வின் துப்பாக்கியைத் தரைப்பக்கம் திருப்பி, போல்ட்டை இழுத்துத் தோட்டாவை வெளியே எடுத்தாள். மர்ரே பாறையிலிருந்து தலையை மட்டும் தூக்கினான்.

வந்தவர் அறுபதை நெருங்கிய குண்டு மனிதர், பெயர் டெஸ்மண்ட், கடற்கரை ஊரில் பேக்கரி வைத்திருப்பவர். பழுப்புக் கம்பளிக் கோட்டு. முதுகுமூட்டையின் உச்சியில் பாதிரியாரின் தலையைக் கொம்பு வானம் பார்க்கக் கட்டி வைத்திருந்தார். முன்னே பின்னே வேட்டை பார்த்தவன் கொம்பைத் தலைகீழாகக் கட்டுவான், மேலே பளிச்சென்று ஒரு துணி சுற்றுவான். இவருக்கு இதுதான் முதல் வேட்டை, முதல் மான்.

"மாப்பிள்ளை கறியோட கார் நிக்கற இடத்துக்கு முன்னாடி போயிட்டான். நான் தப்பான ஓடையைப் பிடிச்சு இறங்கிட்டேன். ராத்திரி முழுக்க ஒரு மரத்தடியில," என்று மூச்சிரைத்தார். "இங்க யாரோ மான் மாதிரி கத்தினாங்க. மானா மனுஷனான்னு தெரியல. பயத்துல உக்காந்துட்டேன்."

"இவனை எங்க சுட்டீங்க?" மர்ரேயின் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது.

"நேத்து சாயங்காலம், மேட்டுக்கு அந்தப் பக்கம். கூடாரத்து வாசல்ல டின் சூப் கிண்டிட்டிருந்தேன். வந்து முன்னாடி நின்னுச்சு. மாப்பிள்ளைதான், 'நீங்க சுடுங்க மாமா, உங்களுக்கு முதல் தடவை'ன்னு விட்டுக்குடுத்தான்." டெஸ்மண்ட் வெட்கத்தோடு சிரித்தார். "பெரிய கொம்பா இது? எனக்கு ஒண்ணும் தெரியாது பாருங்க."

டின் சூப்! ஏழு வருடம், மழை, பனி, இருபத்து மூன்று கல்யாண நாள், கடைசியில் டின் சூப்! வேறொரு நாளாக இருந்தால் மர்ரே கொம்பைக் கட்டிக்கொண்டு புரண்டு அழுதிருப்பான். இப்போது அவன் பார்த்துக்கொண்டிருந்தது கொம்பை அல்ல. கொம்புக்கு ஒரு ஜாண் கீழே, வியர்த்துச் சிவந்திருந்த அந்த மனிதரின் மண்டையை. கழுத்துல அடி என்று அவன் சொன்ன இடம் அதுதான்.

சொல்லாமல் விட்டுவிடலாம். அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது. டெல்வின் காட்டிக்கொடுக்க மாட்டாள். மர்ரே எழுந்து நின்றான்.

"டெஸ்மண்ட், நான் உங்களைச் சுடச் சொன்னேன்."

"என்னது?"

"கொம்பைப் பாத்தேன். ஆளைப் பாக்கல. இவளைச் சுடச் சொன்னேன், இவ மாட்டேன்னுட்டா. என் துப்பாக்கிக்கு போல்ட்டைக் கேட்டேன். இவ குடுத்திருந்தா நீங்க இப்போ இல்ல. தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க."

டெஸ்மண்ட் சிரிக்கப் போனார். மர்ரேயின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. பாறையில் தொப்பென்று உட்கார்ந்தார். வெகுநேரம் டெல்வினையே பார்த்தார். பிறகு பையைத் துழாவிப் பழக்கேக் பொட்டலத்தை எடுத்து, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி மூன்று துண்டாக்கினாள். மர்ரேயின் துண்டில் பாதி கீழே கொட்டிப்போயிற்று.

"இந்தக் கொம்பை நீங்களே வெச்சுக்கோங்க," என்றார் டெஸ்மண்ட். "எனக்கு வேணாம். பாக்கவே பயமா இருக்கு."

"இல்ல. முதல் மான் உங்களுது. வீட்டுல மாட்டுங்க."

மர்ரே கயிற்றை அவிழ்த்தான். கோணல் முனையை ஒரே ஒரு தடவை கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு கொம்பைத் தலைகீழாக்கி இறுக்கிக் கட்டி, தன் ஆரஞ்சு மேல்சட்டையைக் கழற்றி அதன்மேல் சுற்றி முடிச்சுப் போட்டான். மேல்சட்டை இல்லாமல் வரக் கூடாது என்று டெல்வின் தன் சிவப்புத் தொப்பியை அவன் தலையில் மாட்டிவிட்டாள். குடில்வரை அவன் முன்னால் நடந்தான். அந்தப் பள்ளத்தாக்கில் முப்பது வருடமாக ஒருவரையும் இருமக்கூட விடாதவன், ஒவ்வொரு திருப்பத்திலும், "ஆளுங்க வரோம்! ஆளுங்க வரோம்!" என்று தொண்டை கட்டும்வரை கத்திக்கொண்டே போனான்.

மாப்பிள்ளை தேடிக்கொண்டு குடிலுக்கே வந்துவிட்டான். அவர்கள் இருவரும் கிளம்பிப்போன பிறகு டெல்வின் பையிலிருந்து போல்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

மர்ரே அதை அவள் பக்கமே தள்ளினான். "மிச்ச நாளும் உன்கிட்டயே இருக்கட்டும். பட்டனை நான் தெச்சுத் தரேன்."

"சரி. நாளைக்கு எத்தனை மணிக்கு எழுப்புவே? எனக்கு இன்னும் முதல் குறி பாக்கி இருக்கு."

"அஞ்சுக்கு."

அவன் ஊசி கோத்துக்கொண்டிருந்தபோது அவள் நோட்டை எடுத்துப் பென்சிலால் ஏதோ எழுதி, அவன் முன்னால் வைத்துவிட்டு அடுப்பு மூட்டப் போனாள். மர்ரே படித்தான். அவனுடைய ஏழு வருட வரிகளைப்போலவே எழுதியிருந்தாள்.

"ஏப்ரல் எட்டு. கண்டது: டெஸ்மண்ட். சுட்டது: இல்லை."

அவனுக்குக் கண் நிறைந்து எழுத்து கலங்கியது. பென்சிலை எடுத்து, அந்த "இல்லை"யின் கீழே, முனை உடையும்வரை அழுத்தி ஒரு கோடு போட்டான்.